திருத்தம் வந்தது, போட்டீர்களா?

கூரையில் ஓட்டை விழுந்தால் மழைக்கு முன் அடைக்கிறோம். கணினியிலும் ஓட்டை விழும். அதையும் அடைக்க வேண்டும்.

கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகளே மென்பொருள். லினக்ஸ் ஒரு மென்பொருள். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் அதைத் தொடங்கினார். அதை யாரும் படிக்கலாம், திருத்தலாம். இதற்குத் திறந்த மென்பொருள் என்று பெயர். ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் லினக்ஸ் இருக்கிறது.

பலர் படித்தாலும் சில தவறுகள் தப்பிவிடும். ஓப்பன் எஸ்எஸ்எல் என்பதும் திறந்த மென்பொருள். இணையத்தில் போகும் செய்திகளை அது பூட்டி அனுப்புகிறது. 2012 முதல் அதில் ஓர் ஓட்டை இருந்தது. 2014 ஏப்ரல் 7 அன்று ஓட்டையை அறிவித்தார்கள். அன்றே திருத்தமும் தந்தார்கள். காசு எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அறிவிப்பைத் திருடர்களும் படிப்பார்கள் அல்லவா? எல்லாக் கணினிகளிலும் உடனே திருத்தம் போடவில்லை. சில நாட்களில் கனடா அரசின் வரித் துறையில் சுமார் 900 பேரின் அடையாள எண்கள் திருடு போயின.

மருந்தை வாங்கி வைத்தால் மட்டும் நோய் தீருமா? திருத்தத்தையும் போட்டால்தான் பயன்.

என்ன செய்யலாம்?

கைப்பேசியில் ‘அமைப்புகள்’ பகுதியைத் திறங்கள். புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போடுங்கள். ‘புதுப்பிக்க இதைத் தொடுங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். அது திருடன் விரித்த வலையாக இருக்கலாம்.

கலந்து பேசுங்கள்

1. ஓட்டையை அறிவித்த பிறகு தாமதம் செய்தால் ஆபத்து ஏன் கூடுகிறது?
2. உங்கள் கைப்பேசியில் கடைசியாக எப்போது திருத்தம் போட்டீர்கள்?