பந்தயக் காருக்கு மூடிய டிரெய்லர்

கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட என் பழைய மாருதி எஸ்டீமைத் தயார் செய்திருக்கிறேன். அதை ஏற்றிச் செல்ல எடை குறைந்த மூடிய டிரெய்லர் வேண்டும். எதைத் தேர்வு செய்வது?
– வாசகர், சின்னக்கானல்

முதலில் பிரேக்கைப் பாருங்கள், பிறகு எடையை. கோவைக்குப் போடி வழியாகப் போனால், பூப்பாறை தாண்டி போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள்தான் உங்கள் டிரெய்லருக்கான தேர்வு. பின்னாலிருந்து தள்ளும் விசையில் தானாகப் பிடிக்கும் பிரேக், நீண்ட இறக்கத்தில் ஓயாமல் உரசிச் சூடேறி வலுவிழக்கும். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடிய மின் பிரேக், இரண்டு அச்சு, நான்கு சக்கரத்திலும் பிரேக், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாம் கியர்தான்.

எஸ்டீம் சுமார் 900 கிலோ. இரும்புப் பெட்டி டிரெய்லர் தானே ஒரு டன்னைத் தொட்டுவிடும். அலுமினியச் சட்டத்தில் தார்ப்பாய்த் திரை போட்டது கணிசமாக எடை குறையும், மழைக்கும் போதும். தகரச் சுவர் உங்களுக்குத் தேவையில்லை. கூரையைத் தாழ்வாக வைத்தால் மலைக்காற்றின் தள்ளலும் குறையும். திரையைப் பக்கவாட்டில் திறக்க முடிந்தால் காரை ஏற்றியதும் கதவைத் திறந்து இறங்கலாம். சுவர் வைத்த குறுகிய பெட்டியில் ஜன்னல் வழியே நெளிந்துதான் வெளியே வரவேண்டும்.

காரைச் சற்று முன்தள்ளி நிறுத்துங்கள். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அமர்ந்தால் வால் ஆடாது. இழுக்கும் வண்டியின் இழுவைத் திறனை அதன் கையேட்டில் சரிபாருங்கள். டிரெய்லருக்குத் தனிப்பதிவு கட்டாயம். பதிவு செய்ய முடியும் என்று உறுதியாகாமல் முன்பணம் தராதீர்கள்.