நாடி சீரானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

"ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சே அண்ணே, இன்னும் எதுக்கு அந்த ரத்த மாத்திரை? நிறுத்துங்க, உடம்பு கெட்டுப் போயிரும்." சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் இந்த அறிவுரை என் காதில் விழாத வாரமே இல்லை. ஃபஜார் ரோட்டுப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கேட்டிருக்கிறேன். உணவங்காடி நிலையத்தில் டீ வாங்க வரிசையில் நிற்கும்போது கேட்டிருக்கிறேன். டவுன்டவுன் ரயிலிலும் கேட்டிருக்கிறேன். 2015 டிசம்பரில் அந்தப் பாதை இங்குவரை நீண்டதிலிருந்து ரயில் மாறாமல் லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம் என்பதால், ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள தேக்காவுக்குக் கிளம்பும் பெரியவர்கள் வழியெல்லாம் வைத்தியம் பேசுகிறார்கள். சொல்கிற எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். கேட்பவர் உடனே நம்பிவிடுவதும் அதனால்தான். மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் பதமாகச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, இனி உரக்கவே சொல்கிறேன்: மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். பக்கவாதம் வந்தபின் எந்த ஆபரேஷனும் பழைய கையைத் திருப்பித் தராது.

முதலில், நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும். வயது ஏற ஏற இது வரும் வாய்ப்பும் கூடும். இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போல ஒரு நீட்சி இருக்கிறது. மேலறை நடுங்கும்போது அதற்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் அப்படி உறையாமல் தடுப்பதுதான் அந்த ரத்த மாத்திரையின் வேலை. இந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு கூட்டுகிறது என்பதை அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1991இலேயே சொல்லிவிட்டது.

அவர்கள் சொல்லும் ஆபரேஷன் அப்லேஷன். தொடையிடுக்கின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுற்றி வடு உண்டாக்குவதுதான் அது. அந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள். 1998இல் 45 நோயாளிகளிடம் அவர்கள் தேடிப் பிடித்த 69 தூண்டல் புள்ளிகளில் 65, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் சிரைகளுக்குள் இருந்தன. அன்றிலிருந்து அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ, இப்போது மின்துடிப்பாலோ வடுவேலி போடுகிறார்கள். அருமையான சிகிச்சைதான். ஆனால் அது செய்வது அவ்வளவுதான். ரத்தம் உறையும் தன்மையை அது தொடுவதே இல்லை.

சொல்லப்போனால், சிகிச்சைக்குப் பிந்திய முதல் சில வாரங்களில் அபாயம் கூடத்தான் செய்கிறது. இதயத்தின் உட்சுவரில் புதுப்புண் இருக்கிறது, மேலறை முழு வலுவோடு சுருங்க நாளாகும். அதனால்தான் நாடி எவ்வளவு சீராக இருந்தாலும் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை வேண்டும் என்று 2023இல் அமெரிக்க வழிகாட்டுதலும், குறைந்தது இரண்டு மாதம் என்று 2024இல் ஐரோப்பிய வழிகாட்டுதலும் வரையறுத்தன. இதில் எவருக்கும் விலக்கு இல்லை.

அதற்குப் பிறகு? அதை முடிவுசெய்வது உங்கள் நாடி அல்ல, உங்கள் வயதும் மற்ற நோய்களும். மருத்துவர்கள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வயது 65 முதல் 74 வரை ஒரு புள்ளி, 75 ஆகிவிட்டால் இரண்டு. ரத்தக்கொதிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயம் பலவீனமானால் ஒன்று, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் இரண்டு. கொதிப்பும் சர்க்கரையும் உள்ள 78 வயது தாத்தாவுக்கு நான்கு புள்ளி. ஆபரேஷன் அறைக்குள் போகும்போதும் நான்கு, வெளியே வரும்போதும் நான்கு. நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு எது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு யோசனை சொல்லுங்கள்.

"எனக்குத்தான் படபடப்பே இல்லையே" என்பார்கள். படபடப்பு தெரியாமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு. தோலுக்கடியில் கண்காணிப்புக் கருவி பொருத்திய 50 பேரிடம் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. அப்லேஷனுக்கு முன், உணர்ந்த ஒவ்வொரு படபடப்புக்கும் உணராத ஒன்று என்ற அளவில் இருந்தது. பின், உணர்ந்த ஒன்றுக்கு உணராதவை ஏறத்தாழ நான்கு. அதற்கும் முந்தையது 2002இல் வெளிவந்த அஃபர்ம் ஆய்வு. 4,060 பேர், சராசரி வயது 70ஐ ஒட்டி. அப்லேஷன் பரவாத காலம் அது, மருந்தால் நாடியைச் சீராக்கிப் பார்த்தார்கள். நாடி சீரானவர்களுக்கும் பக்கவாதம் வந்தது. யாருக்கு என்று பார்த்தால், பெரும்பாலும் வார்ஃபரின் என்ற ரத்த மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும் போதிய அளவு எடுக்காதவர்களுக்கும். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

நேர்மையாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025இல் கொரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அப்லேஷனுக்குப் பின் குறைந்தது ஓராண்டு கோளாறு திரும்பாத 840 பேரில் மாத்திரையை நிறுத்தியவர்களுக்குக் கேடு கூடவில்லை, ரத்தக்கசிவு குறைந்தது. அது தேர்ந்தெடுத்த ஆட்களிடம், சோதனை செய்து, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தியது. ஓராண்டு கழித்து உங்கள் இதய மருத்துவரிடம் "எனக்கு இது பொருந்துமா?" என்று கேளுங்கள், தாராளமாக. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் மூன்றாவது வாரத்தில் கேட்காதீர்கள்.

போன மாதம் ஓர் அக்கா தம் கணவரின் மருந்துப் பையை என் முன்னால் மேசையில் கொட்டினார். கொதிப்பு மாத்திரைப் பட்டை காலி. சர்க்கரை மாத்திரைப் பட்டை காலி. செங்காவி நிறத்தில் முக்கோணம் அச்சிட்ட சின்ன ரத்த மாத்திரைப் பட்டையில் மட்டும் மூன்று குழிதான் காலி, மற்றவை பிதுக்கப்படாமல் பளபளத்தன. அவற்றோடு முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த டைக்ளோஃபெனாக், சூப்பில் போட வாங்கிய டாங் குவை வேர், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைப் புட்டி. காக்கும் மருந்தைத் தள்ளிவிட்டு, அதனுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும் சாமான்களை ஒன்றுவிடாமல் சேர்த்திருந்தார்கள். நான் கோபப்பட்டேன், அக்கா அழுதுவிட்டார். அவர் கணவருக்கு எண்பது வயது. அந்தச் செங்காவி மாத்திரையை ஒரு நாள் விட்டாலே மறுநாள் பாதுகாப்பு இல்லை, அது அவ்வளவு சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும்.

பிள்ளைகளும் ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள்: "அப்பா கீழே விழுந்தா ரத்தம் நிக்காது." 1999இல் ஒரு கனடியக் குழு கணக்குப் போட்டது. மருந்தின் நன்மையை மண்டைக்குள் ரத்தக்கசிவின் தீமை மிஞ்ச வேண்டுமானால், முதியவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 295 முறை விழ வேண்டும். விழாமல் இருக்கக் குளியலறையில் கைப்பிடி வையுங்கள், மாத்திரையில் கை வைக்காதீர்கள். ஆனால் தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

"ஆஸ்பிரின் போட்டுக்கிட்டா போதும்" என்பவர்களுக்கு 2011இன் அவெரோஸ் ஆய்வு பதில் சொன்னது. 5,599 பேரில் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 100க்கு 3.7 என்ற அளவில் பக்கவாதம் முதலான அடைப்புகள். அபிக்சபான் என்ற புதிய ரத்த மாத்திரையை எடுத்தவர்களுக்கு 1.6. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

வார்ஃபரின் எலி மருந்துதானே என்பார்கள். 1948இல் எலிக்கு விற்றது உண்மை. 1954 முதல் மனிதருக்கும் மருந்து. அளவுதான் விஷயம், அதற்குத்தான் ரத்தப் பரிசோதனை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவில் சாப்பிடட்டும், திடீரென்று முருங்கைக்கீரையாகவே பொங்கிப் போடாதீர்கள். புதிய மருந்துகளுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஆனால் ரிவரோக்சபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரைகளைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீண். ஏகாதசி, சஷ்டி என்று பட்டினி கிடக்கும் அம்மாக்கள் இதைக் கவனியுங்கள்.

அப்லேஷனுக்குப் பின் ஒரு மாதம் படுக்கையா? வேண்டாம். மறுநாளே வீட்டுக்குள் நடக்கலாம். ஒரு வாரம்போலக் கனமான அரிசி மூட்டையைத் தூக்காதீர்கள், குந்தி உட்காராதீர்கள். தொடையில் கத்தரிப்பூ நிறத்தில் தொடங்கும் கன்றல் பச்சையாகி, மஞ்சளாகி, முழங்கால்வரைகூட இறங்கும். அது சரியாகிவிடும். கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ ரத்தம் வடிந்தாலோ, படுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு உதவி கேளுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் படபடப்பு எட்டிப் பார்த்தால் சிகிச்சை தோற்றது என்று பொருளில்லை, மருத்துவரிடம் சொன்னால் போதும். கைப்பேசி, மைக்ரோவேவ் பயமெல்லாம் எதற்கு? அப்லேஷனில் எந்தக் கருவியும் உள்ளே வைப்பதில்லை. தைப்பூசத்துக்கு அலகு குத்த வேண்டாம், முருகன் கோபிக்க மாட்டார். சிராங்கூன் ரோட்டிலிருந்து டேங்க் ரோடுவரை பால்குடம் எடுத்து நடக்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிச் சும்மா இருப்பதுதான் எனக்கு மிகவும் பயம். இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். மிக அரிதாக இதயத்துக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஓட்டை விழுவதுண்டு, உயிரைக் குடிக்கும். உடனே மருத்துவமனை, வாசலிலேயே "அப்லேஷன் செய்தது" என்று சொல்லுங்கள். முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 995ஐ அழையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், நான் விடாமல் கேட்டுவருவது. நம் கோயில்களும் சமூக மன்றங்களும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு மேசை போட்டு, தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவரை உட்கார வைக்கட்டும். பெரியவர்கள் மருந்துப் பையை முழுதாகக் கொண்டுவரட்டும்: மருத்துவமனை தந்தது, பலதுறை மருந்தகம் தந்தது, நாட்டுமருந்து, சீன மருந்து, ஊரிலிருந்து வந்த புட்டி எல்லாம். மருந்தின் பெயர், அளவு, எந்தச் சாப்பாட்டோடு, அப்லேஷன் செய்த தேதி, மகன் அல்லது மகளின் எண். இவை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அடையாள அட்டையோடு பணப்பைக்குள் இருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும் முதலில் அதை எடுத்து நீட்டலாம்.