புதிய நீரிழிவு மருந்துகளும் அச்சமும்

கேள்வி: இரண்டாம் வகை நீரிழிவுக்கான புதிய மாத்திரைகளை நம்பலாமா? (வாசகர், இலத்தூர்)

பதில்: இந்த அச்சம் அடிப்படையற்றதன்று; சிறுநீர்ப்பைப் புற்றுநோய் குறித்த ஐயத்தால் 2013 ஜூனில் பியோகிளிட்டசோன் என்னும் நீரிழிவு மாத்திரையின் விற்பனையை நிறுத்திய இந்திய அரசு, ஜூலை இறுதியில் எச்சரிக்கைக் குறிப்பு அச்சிடும் நிபந்தனையுடன் அதை மீண்டும் அனுமதித்தது. ஆனால், இன்று பரவலாகியுள்ள டாபாகிளிஃபுளோசின், சிறுநீரகம் மீட்டெடுக்க வேண்டிய சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றும் வகையைச் சேர்ந்தது. இதயச் செயலிழப்பையும் சிறுநீரகச் சிதைவையும் அது குறைப்பதைப் பெரிய ஆய்வுகள் நிறுவியிருப்பதால், அவ்வுறுப்புகள் நலிந்தோர் அஞ்சி ஒதுக்குவதே பெரிய இழப்பு. எனினும், இம்மாத்திரையால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். அரிதாக, இரத்தத்தில் கீட்டோன் எனும் அமிலப்பொருள்கள் பெருகும் ஆபத்துநிலை, சர்க்கரை மிக உயராதபோதும் தோன்றக்கூடும் என்பதால், கடும் வாந்தியோ பட்டினியோ நேரும் நாளிலும் அறுவை சிகிச்சைக்கு முன்னரும், தென்காசி அரசு மருத்துவமனையிலேனும் மருத்துவரைக் கேட்டு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்துவது இன்றியமையாதது.