சொல்லிலும் வேண்டும் மரியாதை

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பேசி வளர்கிறார்கள். தெருவில் கேட்ட 'லங்டா', 'அந்தா' போன்ற சொற்களை அவர்கள் வீட்டில் சொன்னால் கண்டிக்கிறோம். ஆனால் 'நொண்டி', 'செவிடு', 'ஊமை' என்று நாமே தாராளமாகப் பேசுகிறோம். மொழி எதுவானாலும் புண்படுகிற மனம் ஒன்றுதான். ஆகவே இதையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் பொதுப்பெயர். 2010-இல் தமிழக அரசு 'ஊனமுற்றோர்' என்பதை விடுத்து 'மாற்றுத்திறனாளிகள்' என்ற பெயரை ஏற்றது. இந்தியில் 'விகலாங்' என்பதற்குப் பதிலாக 'திவ்யாங்' என்று சொல்லலாமென 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் கூறினார். 'தெய்வீகப் பட்டம் வேண்டாம், உரிமை வேண்டும்' என்ற கருத்தில் பல அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன; 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 21. எனவே பொதுப்பெயரோடு, தனித்தனிச் சொற்களும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. குருடர் என்னாமல், பார்வையற்றவர். ஓரளவு பார்வை இருந்தால், பார்வைக் குறைபாடு உடையவர்.

2. செவிடர், ஊமை என்னாமல், காது கேளாதவர், பேச இயலாதவர். சைகை மொழியும் இலக்கணமுள்ள முழு மொழியே. அதற்கென மத்திய அரசு 2015-இல் தில்லியில் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைத்தது.

3. மந்தபுத்தி என்னாமல், அறிவுத்திறன் குறைபாடு உடையவர்.

4. 'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' என்னாமல், சக்கர நாற்காலி பயன்படுத்துபவர். நாற்காலி அவரை முடக்கவில்லை, நடமாட வைக்கிறது.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது. தமிழில் மரியாதை வினைமுற்றிலும் இருக்கிறது. நாற்பது வயதுக்காரரை, அறிவுத்திறன் குறைபாடு உடையவர் என்பதற்காக, "அது சாப்பிட்டுதா?" என்று கேட்கிறோம். அவர் எதிரிலேயே அமர்ந்திருக்க, "இவருக்குக் காபியா, டீயா?" என்று துணைக்கு வந்தவரிடம் விசாரிக்கிறோம். இவை வசவைவிடக் கொடியவை. அவரிடமே, "நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

தேவையில்லாத இடத்தில் குறையைச் சொல்லவும் வேண்டாம். 'நொண்டி மாமா' என்பதை விட்டு, பெயரைச் சொல்லலாம். 'மூன்றாம் மாடி மாமா' என்றாலும் ஆள் விளங்கும்.

ரயில்வேயில் பணியாற்றியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்வேன். மேம்பாலத்துக்குப் படிக்கட்டு மட்டும் கட்டிவிட்டு, 'இவரால் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போக முடியாது' என்கிறோம். 'சாய்தளமோ லிஃப்டோ இல்லை' என்பதே சரியான வாக்கியம். குறை எங்கே என்று சரியாகச் சொன்னால்தான் அதைச் சரிசெய்யவும் தோன்றும்.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள்.

அ) "பாவம், அந்தக் குருட்டுப் பையன் நன்றாகப் படிக்கிறான்."

ஆ) "நொண்டிச் சாக்குச் சொல்லாதே."

இ) "அந்தச் செவிடனிடம் பேசிப் பயனில்லை."

முதல் வாக்கியத்தில் 'பாவம்' என்பதையும் நீக்க வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் இந்தப் பாடம் முழுவதும் அடங்கியிருக்கும்.