ராட்டினத்துக்கு முன் ராசி: இளம் தம்பதிகளுக்குச் சில அறிவுரைகள்

முழுப் பரீட்சை முடிந்ததும் கோவை, திருப்பூர் வீடுகளில் ஒரு வழக்கு கிளம்பும். ஒருவர் பிள்ளைகளைக் கொச்சி வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப் போகத் துடிப்பார். மற்றவர் "அதெல்லாம் வேண்டாமுங்க" என்று முடித்துவிடுவார். துடிப்பவர்களுக்கே இதை எழுதுகிறேன், தம்பிகளே, அம்மணிகளே.

1. பிள்ளைகளிடம் முதலில் வாயைத் திறக்காதீர்கள். "அப்பா சரின்னுட்டாரு, அம்மாதான் மாட்டேங்குது" என்ற நிலையை உண்டாக்கினால் பயணம் நடக்கலாம். ஆனால் உங்கள் துணை பிள்ளைகள் முன்னால் வில்லனாகிவிடுவார். அந்தக் கோபம் வாளையாறு எல்லை தாண்டியும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும். பேச்சு முதலில் உங்கள் இருவருக்குள் முடியட்டும்.

2. "ஏன் வேண்டாம்?" என்று சண்டைக்குரலில் கேட்காதீர்கள். "எது உனக்கு இடைஞ்சல்?" என்று கேளுங்கள். பூங்காவே பிடிக்காதவர்கள் குறைவு. பணம், பயம், வேலைச்சுமை, கூச்சம், மாமியார் இவற்றில் ஒன்றுதான் "வேண்டாம்" என்று பேசும். எது என்று தெரியாமல் வாதாடினால், இரவெல்லாம் பேசினாலும் பலனில்லை.

3. பணம்தான் தடை என்றால் முழுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். டிக்கெட் விலையை மட்டும் சொல்லி, மற்றதை வழியில் அவிழ்க்காதீர்கள். பெட்ரோல், சுங்கம், அறை, லாக்கர் வாடகை எல்லாம் அதில் வரட்டும். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போய்ச் சமாளிக்கலாம் என்ற கணக்கு வாசலோடு சரி. வொண்டர்லாவில் பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்தல்ல, உயரத்தைப் பார்த்துத்தான் கட்டணம், 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் டிக்கெட். ஆகவே வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். சனி, ஞாயிறைவிட வார நாளில் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. பொதுத்தேர்வு எழுதிய பிள்ளை இருந்தால் ஹால் டிக்கெட்டுக்குச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள்.

4. பயத்தைக் கேலி செய்யாதீர்கள். 2025 மே மாதம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், தீயணைப்பு வீரர்கள் வந்து மக்களை இறக்கினார்கள். அதை டிவியில் பார்த்தவரிடம் "ஒண்ணும் ஆகாது" என்றால் எடுபடுமா? இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பெரிய ராட்டினங்களில் ஏறக் கூடாது என்பது பூங்காக்களே வைத்திருக்கும் விதி. எதில் யார் ஏறுவது, எதில் யாருமே ஏறுவதில்லை என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள். "நீ ஏற வேண்டாம், கீழே நின்று கையசைத்தால் போதும்" என்ற ஒரு வாக்குறுதியிலேயே பாதி மறுப்பு கரையும்.

5. நனைந்த உடையில் கூட்டத்தின் நடுவே நிற்கக் கூசுவதை வெளியே சொல்லாமல் மறுக்கும் பெண்கள் பலர். தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தி உடை ஆகாது. நைலான் வகைதான் வேண்டும். முழுக்கை, முழுக்கால் வைத்த நைலான் உடை கடைகளில் கிடைக்கிறது. முன்பே வாங்கி, வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். அப்படியும் தண்ணீரில் இறங்க மனமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

6. தம்பிகளே, இது உங்களுக்கு. உங்களுக்கு அது சுற்றுலா. மனைவிக்கோ இடம் மாறிய வேலை. பை கட்டுவது, மருந்து எடுப்பது, சின்னதைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது, திரும்பி வந்து ஈரத்துணி மூட்டையைத் துவைப்பது எல்லாம் யார் தலையில்? "நான் பார்த்துக்கிறேன்" என்று பொதுவாகச் சொன்னால் நம்பமாட்டாள். "துணி துவைப்பது நான், சின்னவனுக்குச் சோறூட்டுவது நான், ஊர் திரும்பிய அன்று சமையல் கிடையாது" என்று பிரித்துச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள். அடுத்த வருடப் பயணத்துக்கு அனுமதி அங்கேதான் கிடைக்கிறது.

7. உங்கள் ஆசைக்கு ஒரு நாள் என்றால் அவர் ஆசைக்கும் ஒரு நாள். கொச்சிக்குப் போகும் வழியில் திருச்சூர் வருகிறது. அங்கிருந்து குருவாயூர் பக்கம். வேண்டுதல் பாக்கி வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோவிலில் ஈடுபாடு இல்லாதவருக்கு அதிரப்பள்ளி அருவி இருக்கிறது.

8. மாமனார், மாமியாரைப் பற்றி முதலிலேயே பேசுங்கள். நாளெல்லாம் நடக்க முடியுமா என்று அவர்களையே கேளுங்கள். வரவில்லை என்றால் துணைக்கு யார் இருப்பது என்று ஏற்பாடு செய்யுங்கள். கேட்காமல் விட்டுப் போனால் பேச்சு வாங்குவது நீங்களல்ல, உங்கள் துணை.

9. இரண்டு நாள் பயணம் கனமாகத் தெரிந்தால், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் பூங்காவில் தொடங்குங்கள். கோவையிலிருந்து காலையில் போய் இரவு வீடு திரும்பிவிடலாம். அது நன்றாக முடிந்தால் கொச்சிக்கு அவரே நாள் பார்ப்பார். கேரளத்தில் ஜூனில் மழை பிடித்துவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

10. முன்பதிவு செய்துவிட்டு "பணம் போயிடும், கிளம்பு" என்று நெருக்காதீர்கள். அது சம்மதமல்ல, மிரட்டல். இந்த வருடம் முடியாது என்று வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். கொச்சிப் பூங்கா வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கியது 2000-ல். இத்தனை வருடம் இருந்தது அடுத்த லீவுக்கும் அங்கேயே இருக்கும். துணை வாயாரச் "சரி" என்ற பிறகு டிக்கெட் போடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்கூட வேண்டாம்.