ஞாயிறு விடுமுறை

பம்பாய்ப் பஞ்சாலைகளில் அன்று வார விடுமுறை கிடையாது. விடிந்தது முதல் இருட்டும்வரை வேலை. சின்னஞ்சிறு பிள்ளைகளும் வேலை செய்தார்கள்.

1881இல் வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் போட்டது. 7 வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரிய ஆலைகளில் சேர்க்கக் கூடாது. 12 வயதுவரை 9 மணி நேரம்தான் வேலை.

நம் நாட்டுப் பத்திரிகைகள் மகிழ்ந்தனவா? இல்லை. பல எதிர்த்தன. இது மான்செஸ்டர் முதலாளிகளின் சூழ்ச்சி, நம் ஆலைகள் நசிந்துவிடும் என்று எழுதின. சந்தேகம் நியாயம்தான். மான்செஸ்டர்காரர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டது உண்மை. ஆனால் பிள்ளைகளின் களைப்பும் உண்மைதானே?

'தீனபந்து' என்ற மராத்திப் பத்திரிகை தொழிலாளர் பக்கம் நின்றது. அதை நடத்தியவர் நாராயண் மேகாஜி லோகண்டே. ஆலையில் வேலை பார்த்தவர். 1884இல் அவர் தொழிலாளர்களைக் கூட்டினார். வார விடுமுறை கேட்டு மனு எழுதினார்கள். 1890 ஜூனில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு ஒப்புக்கொண்டார்கள்.