சும்மா கட்டித் தருகிறாராம்!

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மந்தைவெளி ஃபிளாட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்ற செய்தி ஒரே வரி. மீதிக் கடிதம் முழுக்க மாடுலர் கிச்சன், இத்தாலிய மார்பிள், பால்கனியில் ஊஞ்சல் மாட்டக் கொக்கி. ஊஞ்சல் கொக்கியைப் பற்றி இவ்வளவு யோசித்தவள், அந்த பில்டர் எதற்காகத் தன் கைக்காசைப் போட்டு உனக்கு வீடு கட்டித் தருகிறார் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாமே, அம்மாடி!

“அவருக்கும் மூன்று ஃபிளாட் கிடைக்கிறதே அண்ணா” என்பாய். சரி, அந்த மூன்று ஃபிளாட்டும் எங்கிருந்து முளைக்கின்றன? உங்கள் கட்டடம் இரண்டு கிரவுண்டில் நிற்கிறது. 4,800 சதுர அடி. பழைய விதிப்படி அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 7,200 சதுர அடிதான் கட்ட முடிந்திருக்கும். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் எஃப்.எஸ்.ஐ. எனப்படும் அந்த மடங்கை 2 ஆக உயர்த்தின. இப்போது 9,600. உங்கள் தெரு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால், அரசுக்குப் பணம் கட்டி இன்னும் 30 சதவீதம் வாங்கலாம். 12,480 ஆகிவிட்டது பார்! இந்தக் கூடுதல் இடம் பில்டர் ஊரிலிருந்து கொண்டுவந்தது இல்லை. உங்கள் மனையின் மேல் உங்களுக்கு இருக்கும் உரிமை. அதில் ஒரு பகுதியை அவருக்கு விற்றுத்தான் நீங்கள் வீடு வாங்குகிறீர்கள். மயிலாப்பூரிலும் அடையாறிலும் திரும்பின பக்கமெல்லாம் பச்சைத் துணி கட்டிய சாரம் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அதனால் முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அள. பத்திரத்தில் முப்பது அடி என்று இருக்கும். தரையில் இருபத்தாறுதான் மிஞ்சியிருக்கும். உங்கள் பேரமே அந்த நாலு அடியில் மாறிவிடும்.

அடுத்து நீ சொல்லப்போவதும் எனக்குத் தெரியும். “இப்போதெல்லாம் ரெரா இருக்கிறதே, ஏமாற்ற முடியாதே.” இங்கேதான் உன் காதைத் திருகத் தோன்றுகிறது. 2016-ஆம் ஆண்டின் அந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நல்ல சட்டம். வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் உனக்குச் செலவில்லாமல் பில்டரே சரி செய்ய வேண்டும். எல்லாம் சரி. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மிகாமல் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேல் போகாமல் இருந்தாலோ அந்தத் திட்டத்தைப் பதிவு செய்யத் தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது எவ்வளவு? சுமார் 446 சதுர மீட்டர்! மயிலாப்பூர் மாட வீதிகளின் சந்துகளிலும், மேற்கு மாம்பலத்திலும், அடையாறு காந்தி நகரிலும் நடக்கிற வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஓட்டைக்குள் புகுந்து வெளியே போய்விடும் என்பது என் கணிப்பு. சட்டம் பெரிய மீனுக்கு வலை வீசியது; நம் தெருவில் ஓடுவதெல்லாம் நெத்திலி.

ஆகவே சட்டம் தராததை நீங்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். ஐந்து வருஷக் குறைதீர்ப்புப் பொறுப்பு, தாமதமானால் மாதம் இவ்வளவு என்ற தண்டத் தொகை, வேலை முடிந்து சாவி கையில் வரும்வரை வாடகை (பதினெட்டு மாதம் வரைக்கும் என்று எழுத விடாதே), ஜி.எஸ்.டி. யார் தலையில், புதுக் கட்டடத்தில் உங்கள் யு.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி. இந்தக் கடைசி விஷயத்தில் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். வீடு 200 சதுர அடி பெரிதாகிறது என்று பூரித்துப் போவார்கள். காலடி மண்ணில் பங்கு மூன்றில் ஒன்று குறைந்திருக்கும். இன்னும் நாற்பது வருஷம் கழித்து உன் பெண் இதே பேரத்துக்கு உட்காரும்போது கையில் இருக்கப் போவது அந்தப் பங்குதான்.

பவர் பத்திரம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். “பொது அதிகாரம்” என்று பொத்தாம் பொதுவாக எழுதி, முழு மனையையும் விற்கும் உரிமையைக் கொடுத்துவிடாதே. அவர் பங்குக்கு உரிய யு.டி.எஸ்.ஸை விற்க மட்டும் கொடு. அதையும் வேலை வளர வளரக் கட்டம் கட்டமாகக் கொடு. பில்டருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

மேல் மாடி மாமா கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருக்கிறாய். முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலே வேலை வருஷக்கணக்கில் தொங்கும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதற்காக அவரை மிரட்டப் போகாதே. எழுபது வயதுக்கு மேல் வாடகை வீடு தேடிப் போவதென்றால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். அவர் கேட்கிற கேள்விகள்தான் நீ கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் என்று எனக்குச் சந்தேகம்.

“பதினெட்டே மாதத்தில் முடித்துவிடுவேன் என்று பில்டர் சத்தியம் பண்ணுகிறார்.” பண்ணுவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும், கட்டுகிற கைகள் அவர் வசத்தில் இல்லை. ஒரு காலத்தில் சென்னைக்குக் கொத்தனாரும் சித்தாளும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகட்டும், அதற்குத்தானே அவர்கள் கல் சுமந்தார்கள். இன்று கம்பி கட்டுவதும் சென்ட்ரிங் அடிப்பதும் பெரும்பாலும் பீகார், ஒடிசா, வங்காளத்துப் பிள்ளைகள். ஹோலிக்கும் சத் பூஜைக்கும் ரயிலேறினால் திரும்பி வரும் தேதி மேஸ்திரிக்கே தெரியாது. அந்த ஊரில் தேர்தல் வந்தால் இங்கே சாரம் காலி. எல்லோரும் வந்து சேர்ந்தால் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். இதற்கு மேல் மயிலாப்பூரில் மெட்ரோ வேலை வேறு. லஸ், கச்சேரி சாலைப் பக்கம் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரி ராத்திரியில்தான் உள்ளே வர முடியும். காங்கிரீட் போடும் ராத்திரி தெருவே தூங்காது. எதிர்வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் பண்ணுவார். பதினெட்டை இருபத்தெட்டு என்று மனசில் குறித்துக்கொண்டு வாடகை வீடு பார்.

மணலும் அப்படித்தான், அவர் வசத்தில் இல்லை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆற்று மணல் குவாரிகளை மூடச் சொன்னதிலிருந்தே எம்-சாண்டுக்கு மாறும் வேகம் கூடிவிட்டது. ஆற்றை நினைத்தால் அது நல்லதுதான். ஆனால் கருங்கல்லை முறையாக உடைத்து, சலித்து, கழுவி எடுத்தால்தான் எம்-சாண்ட். கிரஷர் தூளை அள்ளிக் கொட்டினாலும் பார்க்க அதே நிறத்தில்தான் இருக்கும். பொதுப்பணித் துறை சான்று பெற்ற ஆலையின் சரக்கா என்று கேள். விலை? 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஊரெங்கும் பல இடங்களில் வேலை படுத்துவிட்டது. விலை ஏறினால் யார் தாங்குவது என்பதையும் ஒப்பந்தம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தாங்குவது உன் வீட்டுப் பூச்சுதான்.

“பிளான் அப்ரூவல் வந்துவிட்டதே, பயமென்ன?” மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 மாலை மழையில் சரிந்து விழுந்த பதினொரு மாடிக் கட்டடத்துக்கும் சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்தது. 61 பேர் செத்தார்கள்; பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்த ஆந்திரா, ஒடிசாத் தொழிலாளர்கள். அப்ரூவல் என்பது வரைபடத்துக்கு. கட்டடம் நிற்பது மண்ணில். அந்த மண்ணும் தெருவுக்குத் தெரு மாறும். உன் நாத்தனார் இருக்கும் தி.நகர் முழுக்க நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரி; 1920-களில் தூர்த்து மனை போட்டார்கள். உன் பக்கம் கடலோர மணல். அதனால் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கு. பக்கத்துத் தெருவில் எடுத்த அறிக்கையின் ஜெராக்ஸைக் காட்டினால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடு. ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒருவரை நீங்களே தனியாக அமர்த்துங்கள்; கம்பி கட்டி முடித்து காங்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தளத்தையும் அவர் வந்து பார்க்க வேண்டும். இத்தாலிய மார்பிளை இந்திய கிரானைட்டாக மாற்றினால் அவர் கட்டணம் வந்துவிடும்.

கார் நிறுத்தத் தரைக்குக் கீழே பேஸ்மென்ட் தோண்டலாம் என்று யாராவது கிளப்பினால் உடனே மறுத்துவிடு. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலன்று வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்குத் தோண்டிய ஐம்பதடிப் பள்ளம் மழையில் சரிந்து இரண்டு பேர் உயிர் போயிற்று. பக்கத்து வீடு இருபதடி தள்ளியிருந்தாலாவது பரவாயில்லை. உங்கள் தெருவில் சுவரும் சுவரும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஸ்டில்ட் பார்க்கிங் போதும்.

இவ்வளவும் படித்துவிட்டு, “அப்படியானால் இடிக்கவே வேண்டாமா?” என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. கூரைக் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது என்கிறாய். கடற்காற்றில் நாற்பது வருஷம் நின்ற கட்டடம். ஒட்டுப் போட்டு எத்தனை நாள் தள்ளுவீர்கள்? இடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே பில்டரின் வார்த்தையோடு நிற்காமல் இன்னும் இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அவர்கள் ஐந்து வருஷத்துக்கு முன் முடித்த கட்டடத்துக்கு ஒரு மழைநாளில் போய், குடியிருப்பவர்களிடம் ஒழுகுகிறதா என்று விசாரியுங்கள். வரைவு ஒப்பந்தம் கைக்கு வந்ததும் பில்டர் காட்டுகிற வக்கீலிடம் போகாமல் வேறு வக்கீலிடம் காட்டு. அதுவரை யார் பேனாவை நீட்டினாலும் வாங்காதே.

அன்புடன்,
அண்ணா